இரு கரையிலும் பங்கில்லாதவன்

ஆறு ஒன்று, கரைக்கொரு வழக்கம். கிழக்கரையில் தகப்பன் சொத்து மகனுக்கு. மேற்கரையில் தாய்மாமன் சொத்து தங்கை பிள்ளைக்கு. இது தெரிந்துதான் இரண்டு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. கிழக்கரைக் கோமதி, மேற்கரைத் தாணுவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். தாணுவனின் தங்கை நீலம்மை, கோமதியின் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். ஒன்றுக்கு ஒன்று சரியாயிற்று என்று பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள்.

சரியாகவில்லை என்பது கோமதிக்கு உறைக்க இருபத்தைந்து வருடம் ஆயிற்று. நீலம்மையின் மகன் மாதேவனுக்குத் தகப்பன் வயலும் உண்டு, மாமன் தாணுவனின் தென்னந்தோப்பும் உண்டு. கோமதியின் மகன் சடையனுக்கோ தகப்பனிடமும் இல்லை, மாமனிடமும் இல்லை. பெண் தர வந்தவர்கள் மோரைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை எந்த மரத்தடியில் குடிவைப்பார்?" என்று கேட்டுப் போனார்கள்.

தாணுவனின் அறுபதாம் கல்யாணத்தன்று, பாயசம் வரும் நேரத்தில் மாதேவன் எழுந்தான். "மாமா, தோப்பு மொத்தமும் சடையனுக்கு. எனக்கு அப்பாவுக்க வயலே உழுது தீரல்ல."

"உட்காரும் அத்தான், பெரிய வள்ளல்!" என்றான் சடையன். "வழக்கப்படி உமக்குள்ளது. இரக்கப்பட்டுத் தந்தா ஒரு தேங்காகூட வேண்டாம்."

நீலம்மைக்குக் கோபம் வந்தது. "அது எங்க அம்மைக்க தோப்பாக்கும். இப்ப அண்ணன் பாக்கான், பொறகு மாதேவன் பாப்பான். அதுக்கப்புறம் என் மகள் பூமணிக்க பிள்ளைகளுக்கு. நடுவில நின்னு தானம் பண்ண இவன் யாரு?"

கோமதி பாயச வாளியைக் கீழே வைத்தாள். "மதினி, வடக்குப் பாதி முள்ளுக்காடால்லா கிடந்தது? நானும் உங்க அண்ணனும் வெட்டித் திருத்தி, குடம் குடமா தண்ணி விட்டு வளத்தோம். அது எந்த அம்மைக்குள்ளது?"

தாணுவன் விரலை நக்கிக்கொண்டே எல்லோரையும் பார்த்தார்.

மாதேவன், சடையன், நீலம்மை, கோமதி: நால்வரில் யார் சொன்னது சரி?

விடை: தாராள மனத்தைக் கண்டதும் நமக்கு நியாயத்தைப் பார்க்க மறந்துவிடுகிறது. மாதேவன் காவல்காரன், கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. ஆகவே தாய்வழி வந்த தெற்குப் பாதியில் நீலம்மை சொன்னதே சரி. வடக்குப் பாதியில் கோமதி சொன்னது சரி. தாமே உண்டாக்கியதைத் தம் மகனுக்குத் தரலாம், அதில் இரக்கம் ஏதுமில்லை. தாணுவனும் அப்படியே தீர்த்தார். நீலம்மை தலையாட்டிவிட்டு, கோமதியின் காதோரம் குனிந்தாள். "மதினி, தெற்குப் பாதி பூமணிக்க பிள்ளைகளுக்குன்னுதான் சொன்னேன். அதுகளுக்குத் தகப்பன் சடையனா இருக்கக்கூடாதுன்னா சொன்னேன்?"