கன்றுகளின் கூழைக் குடித்த காளை

மலையடிக் காட்டில், குளத்தை ஒட்டி ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. அந்தப் பட்டியில் மயிலை என்ற சாம்பல் நிறக் காளை வாழ்ந்தது.

தினமும் காலையில் பசுக்கள் எல்லாம் காட்டுக்குள் மேயப் போகும். கன்றுகளை மயிலையிடம் விட்டுவிட்டுப் போகும்.

"அண்ணே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள். செந்நாய்கள் நடமாடுகின்றன" என்று சொல்வாள் காரி என்ற கறுப்புப் பசு.

"நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்? கவலைப்படாமல் போய் வா!" என்பான் மயிலை.

கன்றுகள் அவனை மாமா என்று கூப்பிட்டன. அவன் வயிற்றோரம் ஒண்டிக்கொண்டு தூங்கின. காரியின் மகள் சுட்டி மட்டும் தூங்காமல் அவன் வாலோடு விளையாடிக்கொண்டிருப்பாள். அவள் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன மயிலையைச் செவலை என்ற இளங்காளை முட்டித் தள்ளிவிட்டது. மயிலை சேற்றில் விழுந்தான். கரையில் நின்ற எருமைகள் சிரித்தன.

அன்றிலிருந்து மயிலைக்கு ஒரே நினைப்புதான். இன்னும் பெரிதாக வேண்டும்! இன்னும் பலசாலியாக வேண்டும்!

அந்த வாரம், அந்த மாடுகளை வளர்க்கும் பட்டிக்காரி ஒரு புதுக் காரியம் செய்தாள். பசுக்கள் மேயப் போன பிறகு, கன்றுகளின் மரத்தொட்டியில் ஏதோ கூழை ஊற்றினாள். தவிடும் புளித்த மோரும், கால்நடை வைத்தியர் கொடுத்த பொடியும் கலந்த கூழ் அது.

"இது என்ன நாற்றம்?" என்று கேட்டான் மயிலை.

தொட்டிக்கு மேலே புங்கமரத்தில் கூடு கட்டியிருந்த மைனா பதில் சொன்னது. "கன்றுகள் பாலை மறந்து புல்லுக்கு மாறும் காலம் இது. வயிறு தடுமாறும். கழிச்சல் வரும். இந்தக் கூழில் கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் இருக்கின்றன. அவை வயிற்றுக்குள் குடியேறி, தின்றதைச் செரிக்க வைக்கும். நோயை அண்ட விடாது. கன்று மளமளவென்று வளரும்! வைத்தியர் சொன்னதை நானே கேட்டேன்."

மைனா சொன்னதில் 'மளமளவென்று வளரும்' என்பது மட்டும்தான் மயிலையின் காதில் விழுந்தது.

அவன் கன்றுகளைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குள் தலையை விட்டான்.

"மாமா, அது எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள் சுட்டி.

"இது பெரியவர்களுடையது. செந்நாய் வந்தால் உங்களை யார் காப்பாற்றுவது? நான்தானே? எனக்குப் பலம் வேண்டாமா?"

"ஆமாம், வேண்டும்!" என்றன கன்றுகள்.

மயிலை தொட்டியை நக்கித் துடைத்தான். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு கூழ் ஊற்றியதும் கன்றுகளே ஓடிவந்து அவனைக் கூப்பிட்டன.

மயிலை குளத்து நீரில் தன்னைப் பார்த்துக்கொண்டான். கொம்பு நீளவில்லை. திமில் உயரவில்லை. வயிறு மட்டும் லேசாக உப்பியிருந்தது. 'இன்னும் கொஞ்ச நாள் குடித்தால் வளர்ந்துவிடுவேன்' என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் கன்றுகள் வாடத் தொடங்கின. சுட்டிக்குத்தான் முதலில் கழிச்சல் கண்டது. அவள் கண்கள் குழிந்தன. விலா எலும்புகள் தெரிந்தன. வாலைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் திரும்பிவந்த காரி பதறிப்போனாள். "என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?"

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "கன்றுகளுக்கு வைத்த கூழைக் குடிப்பது யார் தெரியுமா? இதோ நிற்கிறானே, இந்த மயிலைதான்!"

காரி திரும்பிப் பார்த்தாள். மயிலை பேசாமல் நின்றான்.

"எங்கள் அண்ணன் மேலா பழி போடுகிறாய்? உன் எச்சம் விழுந்துதான் தொட்டி கெட்டிருக்கும்!" என்று கத்தினாள் காரி. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. புங்கமரத்தை முட்டி உலுக்கினாள். கூடு கீழே விழுந்தது. உள்ளே இருந்த முட்டைகள் உடைந்தன. மைனா அலறிக்கொண்டு பறந்துபோனது.

'இப்போது சொல்லிவிடலாம்' என்று மயிலை நினைத்தான். ஆனால் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டிக்காரி கூழை ஊற்றிவிட்டுப் போனாள். படுத்திருந்த சுட்டி தட்டுத்தடுமாறி எழுந்தாள். தொட்டியை முகர்ந்துகொண்டிருந்த மற்றக் கன்றுகளை மூக்கால் தள்ளிவிட்டாள்.

"தள்ளுங்கள். மாமா குடிக்கட்டும்" என்றாள்.

பிறகு மயிலையைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, சீக்கிரம் குடியுங்கள். எனக்குக் காலே நிற்கமாட்டேன் என்கிறது. செந்நாய் வந்தால் என்னால் ஓட முடியாது. நீங்கள்தான் பலமாக இருக்க வேண்டும்."

மயிலைக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீ குடி, கண்ணு. இது உன்னுடையது."

"பெரியவர்களுடையது என்று சொன்னீர்களே?"

"பொய் சொன்னேன்."

சுட்டிக்குப் புரியவில்லை. ஆனாலும் மாமா சொல்கிறாரே என்று குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக் குடித்தாள். மற்றக் கன்றுகளும் வந்து குடித்தன.

சாயங்காலம் பசுக்கள் திரும்பின. மயிலை அவர்கள் எதிரில் போய் நின்றான்.

"காரி, மைனா சொன்னது உண்மை. கூழைக் குடித்தது நான்தான். பெரிதாக வளர்ந்துவிடலாம் என்று குடித்தேன்."

காரி அவன் அருகே வந்தாள்.

"அது சொன்னபோது நீ பக்கத்தில்தானே நின்றாய், அண்ணே?"

"நின்றேன்."

"நான் கூட்டைத் தள்ளியபோது?"

"அப்போதும் நின்றேன்."

"உன்னை நம்பியல்லவா அதன் முட்டைகளை உடைத்தேன்!"

பசுக்கள் அவனை முட்டவில்லை. இரண்டு முட்டு முட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவர்கள் கன்றுகளை அழைத்துக்கொண்டு பட்டியின் மறுபக்கம் போய்விட்டார்கள்.

அன்று முதல், கன்றுகள் கூழைக் குடித்து முடிக்கும்வரை ஒரு பசு தொட்டியருகே நின்றது. பட்டிக்காரி சுட்டிக்கு மருந்தும் கொடுத்தாள். கழிச்சல் மெல்ல நின்றது. சுட்டி மறுபடி புல் கடித்தாள். ஆனால் மற்றக் கன்றுகள் அளவுக்கு அவள் வளரவே இல்லை.

காரி மைனாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். மைனா குளத்தின் அக்கரையில் வேறு மரத்தில் கூடு கட்டிக்கொண்டது. புங்கமரத்துக்குத் திரும்பி வரவில்லை.

மயிலை இப்போது தனியாகத்தான் மேய்கிறான். ஒருநாள் சுட்டி துள்ளிக்கொண்டு அவனிடம் ஓடிவந்தாள்.

"மாமா, எனக்கு நன்றாகிவிட்டது! நீங்கள் ஏன் எங்கள் பக்கமே வருவதில்லை? என் மேல் கோபமா?"

மயிலை தலையைக் கவிழ்த்துக்கொண்டு புதருக்குள் ஒதுங்கிப் போனான்.

நம்மை நம்பி விடப்பட்ட பிள்ளைகளின் பங்கை நாமே தின்றுவிட்டால், அவர்கள் நம்மை வெறுக்காவிட்டாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் நமக்கு இருக்காது.