திருடன் வராத வழி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்தொன்று. குரு மெர்லின் மேடம். சீடர் தாணு சார். டெலிபோன் ஆபீஸில் ரிட்டயர் ஆன கையோடு ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்து சேர்ந்தவர். ஆர்வத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நோயாளி விவரத்தை நடுவில் யாரும் திருடிவிடக் கூடாது. அதற்கு ஒரு பேச்சுமுறை எழுதியிருந்தார் தாணு சார். யார் முதலில் பேசுவது, யார் என்ன பதில் சொல்வது, எதை எந்தச் சாவியால் பூட்டி அனுப்புவது, எல்லாம் அதில் உண்டு. வியாழக்கிழமை ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. இதுவும் போனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சோதித்துப் பார்க்க எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. திருடன் புகக்கூடிய வழியையெல்லாம் அதுவே தேடும். வழி இருந்தால் சிவப்பு காட்டும், இல்லாவிட்டால் பச்சை.

திங்கட்கிழமை சாயங்காலம் பச்சை காட்டியது, அதுவும் இரண்டே நொடியில். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை வீட்டில் செய்த முந்திரிக்கொத்தை டப்பாவோடு கொண்டுவந்துவிட்டார்.

"மேடம், எந்தத் திருடனாலயும் முடியாதுன்னு மெஷினே சொல்லிடுச்சு!"

மேடம் டப்பாவை வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார். அலமாரிச் சாவியையும் உள்ளேயே போட்டார். கதவை அமுக்கிச் சாத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது.

"சார், இதை யாராவது திருட முடியுமா?"

"முடியாது."

"எறும்பு?"

"இடுக்கே இல்லையே மேடம்."

"அப்போ பச்சைதானே?"

"பச்சைதான். ஐயோ, நாம எப்படி மேடம் சாப்பிடறது?"

"இதை மெஷின்கிட்ட கேட்டீங்களா?"

தாணு சாரின் முகம் தொங்கிவிட்டது. அலமாரியைத் திறக்க நாங்கள் ஆசாரியைத் தேடி ஓடினோம். தாணு சார் மெஷினிடம் ஓடினார். திருடனே இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் ஒரு தடவையாவது பேசி முடிக்குமா என்று கேட்டார். முடிக்காது என்றது மெஷின். முதல் செய்தியைத் திறக்கும் சாவியை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மறந்திருக்கிறார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. திருடுவதற்கு எந்த விவரமும் கிளம்பவே இல்லை. வண்டிக்குள் ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை போயிருக்காது.

சாவியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை மெஷின் புதன்கிழமை காலை வரை தேடியது. கடைசியில் சிவப்பு.

"போச்சு மேடம். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிகிட்ட ஒழுங்கா பேசுது. ஆனா திருடனும் உள்ள வந்துட்டான். பழைய செய்தியையே திரும்ப அனுப்பி ஏமாத்தறான். எப்படி வந்தான்னு மெஷின் படமே போட்டுக் காட்டுது."

மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள் சார்."

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு வியாழக்கிழமை."

"நேத்து வரைக்கும் எல்லாரையும் தடுத்து வெச்சிருந்தீங்க. இனி அவன் ஒருத்தனைத் தடுத்தா போதும்."