காவல் வேண்டாம் என்ற வரையாடுகள்

மேகம் உரசிப் போகும் உயரமான மலை ஒன்றில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வாழ்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தின் காவல்காரி, தும்பை என்ற பெண் ஆடு.

மற்ற ஆடுகள் சரிவில் புல் மேயும்போது தும்பை மட்டும் பாறை உச்சியில் நிற்பாள். வேட்டைக்காரனோ சிறுத்தையோ கண்ணில் பட்டால், மூக்கால் கூர்மையாக ஒரு சீழ்க்கை அடிப்பாள். அதைக் கேட்டபின் ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. வாயில் இருக்கும் புல்லை மெல்லக்கூட நிற்காமல் செங்குத்துப் பாறைக்கு ஓடிவிட வேண்டும். அதுதான் கூட்டத்தின் சட்டம்.

தும்பை தன் முதல் குட்டியைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள். அதன்பின் பிறந்தவள் தினை. பாறையில் நிற்கும் நேரமெல்லாம் தும்பையின் ஒரு கண் காட்டின் மேலும் மறு கண் தினையின் மேலும் இருக்கும்.

ஒரு நாள் அடிவாரத்திலிருந்து கோணவாலன் என்ற குரங்கு மூச்சு வாங்க ஏறி வந்தது.

"மாமா! சேதி தெரியுமா? கீழே பெரிய பலகை நட்டிருக்காங்க. இந்த மலை இனிமே தேசியப் பூங்காவாம்! ஒருத்தனும் துப்பாக்கி தூக்க முடியாது!"

"நிஜமாவா?" என்றது கூட்டத்தின் தலைவன் கருமுதுகன்.

நிஜம்தான். வெடிச்சத்தம் நின்றது. அந்த ஆண்டு பிறந்த குட்டிகள் எல்லாமே பிழைத்தன. தும்பைக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் வேட்டைக்காரர்களோடு சேர்த்து, சரிவில் குடிசை போட்டிருந்தவர்களையும் கீழே அனுப்பிவிட்டார்கள். மழைக்கு முன்னால் பழைய புல்லைத் திட்டுத் திட்டாக எரித்துவந்தது அவர்கள்தான். அந்தக் கரியிலிருந்துதான் இளம்புல் முளைக்கும். இப்போது எரிக்க ஆளில்லை. புல் ஆடுகளின் தலைக்கு மேல் வளர்ந்து கம்பிபோல் முற்றியது. அதற்குள் சிறுத்தை படுத்திருந்தாலும் தெரியாது.

பிறகு தார்ச்சாலை வந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வண்டியில் வந்தார்கள்.

கோணவாலன் சாலையோரம் குடியேறியது. குரங்கைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்தவில்லை. வரையாடு தெரிந்தால் மட்டும் எல்லா வண்டியும் நின்றது. நின்ற வண்டியிலிருந்து சிப்ஸ் விழுந்தது, பிஸ்கட் விழுந்தது. கோணவாலன் ஒரு கணக்குப் போட்டது. நேராகக் கருமுதுகனிடம் போனது.

"மேலே எதுக்கு மாமா கம்பியை மென்னுக்கிட்டுக் கிடக்கிறீங்க? ரோட்டோரம் புல்லை வெட்டி வெட்டி விடறாங்க. தளிரா வருது! அதுகூடப் பெரிசில்லை. உப்பு, மாமா, உப்பு! அவங்க போடுற பாக்கெட்டை நக்கிப் பாருங்க!"

உப்பு என்றதும் கருமுதுகனின் காது நிமிர்ந்தது. வரையாடுகளுக்கு உப்பென்றால் உயிர்.

கூட்டம் கீழே இறங்கியது. தும்பையும் இறங்கி, சாலையோரப் பாறையில் காவல் நின்றாள். ஒவ்வொரு வண்டிக்கும் சீழ்க்கை அடித்தாள். ஆடுகள் ஓடின. ஆடு இல்லாததால் வண்டிகள் நிற்காமல் போயின.

கோணவாலனுக்குப் பசி. கருமுதுகனுக்கு எரிச்சல்.

"ஏன் தும்பை, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"அது நம்மைவிடப் பெரிசுண்ணே. நம்மைவிட வேகமும்."

"நம்மைப் பார்க்கணும்னு ஆசையா வர்றவங்க நம்மைக் கொல்வாங்களா? இது பூங்கா, தெரியுமில்ல!"

"தும்பையக்கா இலை விழுந்தாலும் சீழ்க்கை அடிப்பாங்க!" என்றது ஓர் இளம் ஆடு. எல்லோரும் சிரித்தார்கள். தினையும் சிரித்தாள்.

அன்றே சட்டம் மாறியது. இனிக் காவல் கிடையாது. சீழ்க்கைக்குப் பயந்து ஓடுகிறவருக்கு உப்பில் பங்கும் கிடையாது.

தும்பை குட்டியை மட்டுமாவது மேலே கூட்டிப்போகப் பார்த்தாள்.

"மேலே என்னம்மா இருக்கு? வெறும் கல்லு!" என்றாள் தினை.

பாறையில் நாலு எட்டு ஏறுவதற்குள் அவளுக்குக் கால் நடுங்கியது. தாரில் நடந்து நடந்து குளம்பின் விளிம்பு மழுங்கியிருந்தது. வழுக்கினாள். அழுதாள். கீழே ஓடிப்போனாள்.

ஒரு காலையில் பனிமூட்டம் சாலையை மூடியிருந்தது. நடுச்சாலையில் கிடந்த பாக்கெட்டைத் தினை நக்கிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு அப்பால் வண்டிச் சத்தம் முதலில் தும்பைக்குத்தான் கேட்டது. நெஞ்சிலிருந்த மூச்செல்லாம் சேர்த்துச் சீழ்க்கை அடித்தாள்.

பெரிய ஆடுகளின் கால்கள் துடித்தன. ஆனால் முதலில் ஓட எல்லாவற்றுக்கும் வெட்கம். ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றன.

தினை தலையை மட்டும் தூக்கினாள். "ஏம்மா மானத்தை வாங்குற?" என்றாள்.

வண்டி பனிக்குள்ளிருந்து வந்தது.

வண்டியிலிருந்தவர்கள் இறங்கினார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். பிறகு போய்விட்டார்கள்.

"பாவம். வேணும்னு செய்யலை" என்றது கருமுதுகன்.

"ஆமா மாமா, அழுதாங்களே, பார்த்தீங்கல்ல!" என்ற கோணவாலன், குட்டியின் வாயருகே கிடந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டது.

அடுத்த வண்டி வந்து நின்றது. ஆடுகள் ஒவ்வொன்றாக அதை நோக்கி நகர்ந்தன.

தும்பை தனியாக மலையேறினாள். மூன்று நாள் உச்சியில் நின்றாள். அவள் மேயும்போது அவளுக்காகக் காவல் நிற்க யாருமில்லை. அவள் காவல் நின்றால் காப்பாற்ற யாருமில்லை. கூட்டத்தில் பிறந்த உயிர் தனியாக எத்தனை நாள் இருக்கும்? நான்காம் நாள் இறங்கி வந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. அதில் உப்பு ஒட்டியிருந்தது. தும்பை நக்கினாள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறர் தரும் பாதுகாப்பை நம்பித் தன் விழிப்பைத் தானே கைவிடும் இனத்தை அழிக்க, தனியாக ஒரு பகைவன் வர வேண்டியதில்லை.