வேலியோரம் நின்ற ஆமைகள்

அல்லிக்குளத்தில் ஆமைகள் வாழ்ந்தன. ஒரு கோடையில், தங்கள் குளம் வற்றிப்போன வாத்துகள் அங்கே வந்து சேர்ந்தன.

"ஒரு ஓரமா இருந்துக்கிறோம்!" என்றன.

ஆமைகள் நகர்ந்து இடம் கொடுத்தன. அவை நகர்ந்து முடிப்பதற்குள் குளம் முழுக்க வாத்துகள். பிறகு ஆமைகளை மேட்டுக்குத் தள்ளிவிட்டுக் குளத்தைச் சுற்றிலும் முள்வேலி கட்டின.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது! இனி இது வாத்துக்குளம்!" என்றது தலைவாத்து.

"வீடே எங்களுது. புகுந்தது நீங்க!" என்றாள் கருப்பாயி ஆமை. யாரும் காதில் வாங்கவில்லை.

வருஷங்கள் ஓடின. வாத்துகளுக்குப் பேரக்குஞ்சுகளும் அங்கேயே பொரிந்தன. கருப்பாயிக்கோ இந்த வருஷமும் வயிறு கனத்தது. குளத்து ஈரமணலில் புதைத்தால்தான் ஆமை முட்டை பொரியும். போன வருஷம் மேட்டில் புதைத்ததெல்லாம் சூட்டில் வெந்துபோயிற்று.

"வாங்கடி, வேலியோரம் போய் நிப்போம்!" என்றாள் மற்ற ஆமைகளிடம்.

"நின்னு?"

"நிப்போம். நமக்கு நல்லா வர்றது அதுதானே?"

குளத்தைச் சுற்றி ஆமைகள் நின்றன. வாத்துகள் கொத்தின. ஆமைகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. கொத்தி முடித்ததும் நீட்டின. ஆமைக்கு ஒரு வாத்து காவல் நிற்க வேண்டியதாயிற்று. நீந்தவோ இரை தேடவோ ஒரு வாத்தும் மிச்சமில்லை. குஞ்சுகள் பசியில் கத்தின.

தலைவாத்து இறங்கி வந்தது. "சரி, ஆமைக்குளம்னே பேர் வெச்சுட்டோம். சந்தோஷமா?"

"வேலி?"

"அது இருக்கட்டும். பழகிப்போச்சு!"

கருப்பாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எதிரே காவல் நின்றவள் சொக்கி வாத்து. அவள் மெல்லக் கேட்டாள்: "அக்கா, வேலியைப் பிரிச்சா எங்களை விரட்டிருவீங்களா?"

"எங்கே விரட்ட? உன் குஞ்சுக்கு வேற குளம் தெரியுமா? இருங்க. ஆனா வேலி கிடையாது, காவல் கிடையாது, தலைவாத்து சொல்றதுதான் சட்டம்ங்கிறதும் கிடையாது. எங்க மணல் எங்களுக்கு வேணும்."

"அந்த மணல்லதானே என் கூடு இருக்கு!"

"தெரியும். அதான் உன்கிட்ட கேக்கிறேன்."

சொக்கி கத்தும் குஞ்சுகளைப் பார்த்தாள். முதல் முள்ளைத் தன் அலகாலேயே பிடுங்கினாள்.

"துரோகி!" என்று அலறியது தலைவாத்து. ஆனால் காவல் நின்று நின்று கால் வீங்கிப்போன மற்ற வாத்துகளும் பிடுங்கத் தொடங்கிவிட்டன.

சொக்கி கூட்டைக் கோரைக்கு மாற்றினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினாள். கருப்பாயி பொழுது சாயும்போது மணலுக்கு வந்து சேர்ந்து, குழி பறித்து, முட்டைகளைப் புதைத்தாள்.

அதன் பிறகு சண்டையே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தால் இரண்டு கூட்டமும் கரையில் கூடிப் பேசின. ஆமைகள் வந்து சேர நேரமாகும். வாத்துகள் காத்திருக்கப் பழகின.

தலைவாத்து மட்டும் வேலி இருந்த இடத்திலேயே நின்றது.

"என்ன பண்றீங்க அண்ணே?" என்றாள் கருப்பாயி.

"காவல்!"

"எதுக்கு?"

தலைவாத்து இல்லாத வேலியை இடமும் வலமும் பார்த்தது. தூறல் விழுந்தது.

"நனையிறதுன்னா குளத்துலேயே நனையலாம். உள்ளே வாங்க," என்றாள் அவள்.

பிறர் இடத்தை வேலி போட்டுப் பிடித்தவருக்குக் காவல்தான் மிஞ்சும்; வேலியைப் பிரித்து உரியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் எல்லோருக்கும் குளம் மிஞ்சும்.