கூலிக்கு முந்திய கஞ்சி

மடத்துக் குளத்தின் கரை போன ஐப்பசியில் உடைந்தது. தண்ணீர் கீழூருக்குள் புகுந்து, விளைந்து நின்ற பயிரையும் நாலைந்து வீடுகளையும் கொண்டுபோய்விட்டது. அடுத்த ஐப்பசிக்குள் கரையை அடைத்து உயர்த்திவிட வேண்டும் என்று கீழூர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு நெல் அளந்து மடத்தில் கொட்டினார்கள். அந்த நெல்லைக் கூலியாகக் கொடுத்து வேலையை முடிக்கும் பொறுப்பு ஆவுடையப்பன் தலையில் விழுந்தது.

ஆவுடையப்பன் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மடத்துச் சாமியைத் தேடி வந்து சீடரானவர். அதற்கு முன் தானியக் கடை வைத்திருந்தார். குரு வேலப்ப சாமிக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. சீடர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆனால் கடைப் புத்தியை மறக்காமல் கூடவே எடுத்து வந்திருந்தார்.

விடியும்போது கரையடியில் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வரிசையில் நிற்பார்கள். ஆவுடையப்பன் ஒரு முனையிலிருந்து, அடுத்தவர் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டுக்கொண்டே வருவார்.

"எத்தனை படி?"

முன்னால் நிற்பவன் சொன்னதைக் கேட்டுப் பின்னால் நிற்பவன் கொஞ்சம் குறைப்பான். வரிசை முடிவதற்குள் கூலி இறங்கிவிடும். குறைத்துச் சொன்னவர்களை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆடியில் ஒரு நாள் கூலி நாலு படி நெல்லாக இருந்தது. ஆவணியில் கரிசல்காட்டுப் பக்கம் மழை பொய்த்துப்போனது. அங்கிருந்து பிழைக்க வந்தவர்களால் வரிசை நீண்டது. நாலு மூன்றானது, மூன்று இரண்டானது. நெல் மிஞ்சும் என்று ஆவுடையப்பன் உள்ளூரக் குளிர்ந்தார். புரட்டாசி பிறந்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

ஒரு சாயங்காலம் அவர் சாமியிடம் வந்து நின்றார். சாமி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கூலியை யாரு நிர்ணயிக்கா?"

"தினமும் கேட்டுக்கிட்டு வாரது நீருதானே?"

"நான் கேக்க மட்டுந்தான் செய்யுதேன். சொல்லுதது அவங்க. ஒருத்தன் மூணுங்கான், அடுத்தவன் ரெண்டரைங்கான். என் வாயிலேருந்து ஒரு கணக்கு வந்ததில்ல."

"பெறவு எதுக்கு மொகம் வாடிக் கெடக்கு?"

"திடமான ஆளெல்லாம் செங்கல் சூளைக்குப் போயிட்டான் சாமி. மழைக்கு முன்னால கல்லைச் சுட்டு எடுத்தாகணும்னு சூளைக்காரர் மூணு படி கொடுக்காரு. நமக்கு மிஞ்சுனது நடக்கத் தெம்பில்லாதவங்க. அரைக் கூடை மண்ணைச் சுமந்துக்கிட்டு ஆடி அசைஞ்சு வாராங்க. கரை ஒசரவே மாட்டேங்கு. மேக்க பாருங்க, மேகம் மூடி மலையே தெரியல. எனக்குத் தூக்கம் போயிட்டு."

சாமி கடைசித் துணியை மடித்து வைத்தார்.

"நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் சாமி வரிசையின் ஓரத்தில் நின்று பார்த்தார். முன்னால் சுடலை நின்றான். பலசாலி. முந்தின நாள் சூளைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன்.

"எத்தனை படி?"

"மூணு."

அடுத்தவன் இரண்டரை என்றான். அதற்கடுத்தவர் ஒரு கிழவர். அவர் இரண்டு என்றார். பிறகு பேச்சித்தாய். கரிசல்காட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்தவள். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒண்ணரை."

சுடலை திரும்பினான். "ஏட்டி, எங்க வயித்துல மண்ணைப் போடவா அங்கேருந்து பொறப்பட்டு வந்தே?"

பேச்சித்தாய் வெறுங்கூடையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சுடலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கோபமாகப் போய்விட்டான். ஆவுடையப்பன் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

சாமி அவளருகே போனார்.

"தாயி, கடைசியா எப்பச் சாப்பிட்டே?"

"நேத்து மத்தியானம் சாமி. மடத்துக் கஞ்சி."

"ராத்திரி?"

"கூலி நெல்லைக் குத்திக் காய்ச்சுனேன். பிள்ளைகளுக்கே காணல."

சாமி சீடரை மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"ஆவுடையப்பரே, இன்னைக்கு யாரும் ஒம்ம கூலிக்கு ஒத்து வரலன்னா என்ன செய்வீரு?"

"அனுப்பிட்டு நாளைக்குக் கேப்பேன்."

"நாளைக்கும் ஒத்து வரலன்னா?"

"நாளாங்கழிச்சு. மழை வரைக்கும் நாள் இருக்கே சாமி."

"அவளுக்கு எதுவரைக்கும் இருக்கு?"

ஆவுடையப்பன் யோசித்தார். மடத்தில் பூசை முடிந்து உச்சிப் பொழுதில் கஞ்சி ஊற்றுவது வேலை செய்பவர்களுக்குத்தான்.

"மத்தியானம் வரைக்கும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு நன்றாக இல்லை.

"நாளையிலேருந்து கஞ்சியை விடியுமுன்ன இங்க கொண்டாந்து ஊத்தச் சொல்லும். வேலைக்கு எடுத்தாலும் எடுக்காட்டியும் எல்லாருக்கும். ஊத்தி முடிஞ்ச பெறவு நீரு கேளும்."

ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது.

"சாமி, வயிறு நெறைஞ்சிட்டா ஒருத்தனும் எறங்கி வரமாட்டானே!"

"வரமாட்டான்."

"அது கீழூர் நெல்லு சாமி. நாலு படி அளந்தா கரை முடியுமுன்ன தீந்துபோகும். பாதிக் கரையில மழை பிடிச்சுக்கிட்டா நான் எந்த மொகத்தோட ஊருக்குள்ள போவேன்?"

சாமி மடத்தைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் இருட்டோடு கஞ்சிப் பானைகள் வந்தன. எல்லாரும் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார்கள். பேச்சித்தாய் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டாள். சேதி கேட்டுச் சுடலைகூட வந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

"எத்தனை படி?"

"நாலு" என்றான் சுடலை.

அடுத்தவனும் நாலு என்றான். கிழவரும் நாலு என்றார். ஆவுடையப்பன் பேச்சித்தாய் முன்னால் வந்து நின்று வேண்டுமென்றே இன்னும் சத்தமாகக் கேட்டார். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாலு."

எல்லாரையும் அனுப்பிவிடலாமா என்று நினைத்தார். அப்போது மேற்கே இடி உருண்டது. அவர் நாலுக்கு ஒத்துக்கொண்டார்.

கூடைகள் நிறைந்து வரத் தொடங்கின. சூளைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சூளைக்காரர் மடத்து வாசலில் நின்று, "சாமியாருங்களுக்குக் கூலியை ஏத்திவிடுதது ஒரு வேலையா?" என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் அவரும் நாலு படி கொடுத்தார். கரை மளமளவென்று உயர்ந்தது. நெல்லும் அதே வேகத்தில் இறங்கியது. ஆவுடையப்பன் தினமும் நெல் கொட்டி வைத்த குதிருக்குள் கையை விட்டுப் பார்ப்பார். கை ஒவ்வொரு நாளும் இன்னும் ஆழத்துக்குப் போகும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமியைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. குருவாயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது. மடையருகே உடைப்பின் ஒரு வாய் மட்டும் அடைபடாமல் கிடந்த அன்று குதிரின் அடித்தரை கையில் தட்டியது. அன்று விடியும்போதே தூறல். குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பகல் வேலை. அது இல்லையென்றால் மறுபடியும் போன ஐப்பசியின் கதைதான்.

கஞ்சி குடித்துவிட்டு வரிசை நின்றது. ஆவுடையப்பன் முன்னால் வந்தார்.

"எத்தனை... படி?"

சுடலை அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஏறிவரும் தண்ணீரைப் பார்த்தான்.

"எட்டு."

வரிசை சலசலத்தது. அடுத்தவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு எட்டு என்றான். கிழவர் மழையைப் பார்த்தார். அவரும் எட்டு என்றார்.

ஆவுடையப்பனால் அதற்குமேல் முடியவில்லை.

"எட்டுன்னாலும் சரி. ஆனா கையில நெல்லு இல்ல. குதிர் காலி." அவர் கை நடுங்கியது. "அறுப்பு வரைக்கும் பொறுத்தா, எப்படியாவது கொடுத்திருதேன். நீ சொல்லு தாயி, எத்தனை படி?"

தாயி என்று அவர் அவளைக் கூப்பிட்டது அன்றுதான். பேச்சித்தாய் அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றாள். "அறுப்பு முடிஞ்சு கொடுங்க."

"ஏட்டி!" என்று சுடலை கத்தினான். "மறுபடியும் நீதானா?"

"நாந்தான்" என்றாள் பேச்சித்தாய்.

அவளுக்கு அடுத்து நின்றவன் நாலு என்றான். அதற்கடுத்தவள் நாலு. வரிசையின் கடைசி வரை நாலுதான் போனது. கிழவர் மெதுவாகத் தன் எட்டையும் நாலாக்கிக்கொண்டார். சுடலை வெற்றிலையைத் துப்பினான். ஈரத் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, எல்லாருக்கும் முன்னால் கூடையை எடுத்தான்.

பொழுது சாய்வதற்குள் வாய் அடைபட்டது. பிறகுதான் மழை வலுத்தது. தண்ணீர் புதுக்கரையில் வந்து முட்டியது. கரை நின்றது.

சாமியும் சீடரும் கரைமேல் நனைந்துகொண்டு நின்றார்கள். கீழூரில் ஒவ்வொரு வீடாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி, நான் எட்டுக்கு ஒத்துக்கிட்டேன். பத்துன்னாலும் ஒத்துக்கிட்டிருப்பேன்."

"தெரியும்."

"அவளுக்கும் தெரிஞ்சுது. என் கை நடுங்குனத அவ பாத்தா. இப்பதான் அவ வயித்துல பசி இல்லையே சாமி. பெறவு எதுக்கு எறங்கினா?"

சாமி கரையடியைப் பார்த்தார். காலையில் வரிசை நின்ற இடம் சேறாகிக் கிடந்தது.

"இன்னைக்கு நீரு நின்ன எடத்துல, போன மாசம் அவ நின்னா."