பார்த்தவனுக்கும் லைசென்ஸ்

சங்ககிரி எடைமேடை ஆபீஸில் ஃபேன் ஓடியும் முதலாளி பொன்னுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. எடை போடும் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியிலிருந்து ரகோத்தமன் ஆடிட்டுக்கு வந்திருந்தார். காலையிலிருந்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, வைத்த கண் வாங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒரு ஆளுக்குத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கீங்க. ஆனா வர்ற லாரி டிரைவரெல்லாம் ஜன்னல் வழியா எட்டி எடையைப் பார்க்கிறான். திரையைப் பார்த்தாலே பயன்படுத்தின மாதிரிதான். பார்க்கிற ஒவ்வொருத்தனுக்கும் லைசென்ஸ் வேணும். வாங்கறேன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா இப்பவே சாஃப்ட்வேரை முடக்கிடுவேன்."

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. எடையைக் கண்ணால் பார்க்காமல் எந்த டிரைவர் மேடையை விட்டு வண்டியை எடுப்பான்? முதலாளி பேனாவைத் தேடினார்.

எடை போடும் கோகிலவாணி எழுந்து, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்னம்மா, திமிரா?"

"இல்லீங்க சார், பயமுங்க. இருக்கிற ஒரு லைசென்ஸும் என் பேர்லீங்க. காலையில இருந்து நீங்களும் பார்த்துட்டே இருக்கீங்க. உங்களுக்கு வாங்கலீங்களே!"

ரகோத்தமனுக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் சும்மா பார்த்தேன்! பார்த்தா பயன்படுத்தினதா ஆயிடுமா?"

ஜன்னலில் நின்ற டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

முதலாளி தேடிய பேனாவை எடுத்து, கோகிலவாணி ரகோத்தமனிடம் நீட்டினாள்.

"இப்பச் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்."