போய்ட்டு வரேன் என்ற தண்ணீர்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது. ஒட்டகத்தைக் கேட்கவே வேண்டாம், திறந்த வாயை மூடாது.

ஒரு மரம்கூட இல்லாத பாலைவனத்தின் நடுவே ஒரே ஒரு குளிர்ந்த ஊற்று இருந்தது. ஊர் ஊராகத் துணி விற்கும் செம்பாயி, தன் ஒட்டகம் நெட்டைச்சியின் முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள். பேரத்தில் அவளை அசைக்க ஆள் கிடையாது.

ஒருமுறை அந்த ஊற்றங்கரையிலேயே நெட்டைச்சி குட்டி போட்டது. குட்டிக்கு இன்னும் கால் ஊன்றவில்லை. அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குக் கோபம் வந்தது.

"இந்தச் சூரியன் என்னை உறிஞ்சியே தீர்த்துடுவான். பொறுத்தது போதும். நான் பூமிக்குள்ளே போறேன்."

செம்பாயி குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் போனால் நெட்டைச்சிக்குப் பால் வற்றும். பால் வற்றினால் குட்டி பிழைக்காது.

"குட்டி எழுந்து நடக்கிற வரைக்கும் இரு."

"மாட்டேன்."

"சரி, பொழுது சாயற வரைக்குமாவது? சிவப்புச் சேலை ஒண்ணு தரேன்."

"கட்டிக்கிட்டு யார் கல்யாணத்துக்குப் போக?"

நெட்டைச்சி சிரித்துவிட்டது. "ஆத்தா, உன் வியாபாரம் இங்கே எடுபடாது."

"நீ பேசாதே! உன் பிள்ளைக்குத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்" என்று எரிந்து விழுந்தாள் செம்பாயி.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "போறேன்."

"நில்லு! போறதுன்னா போ. ஆனா அந்தச் சொல்லைச் சொல்லாதே. வரேன்னு சொல்லாமப் போறது சாவு வீட்டிலே. இது பிள்ளை பிறந்த இடம்."

தண்ணீர் நின்றது. ஈரம் காயாத குட்டி, நீரில் தெரிந்த தன் முகத்தை நக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வெறுமனே 'போறேன்' என்று சொல்ல மனம் வரவில்லை.

"சரி... போய்ட்டு வரேன்" என்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் அடியாழத்துக்குப் போய்விட்டது.

மணற்காற்று கிளம்பியது. ஊற்றின் வாய் தூர்ந்துபோனால் அது எப்படித் திரும்பும்? செம்பாயி மூட்டையை அவிழ்த்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இருந்த துணி அத்தனையையும் வாயைச் சுற்றி விரித்துக் கல்லை வைத்தாள்.

"ஆத்தா, எல்லாமேவா?" என்றது நெட்டைச்சி.

"வரேன்னு சொல்லியிருக்குல்ல."

பூமிக்குள்ளே நெருப்பு வழியை மறித்துக்கொண்டு நின்றது. "இங்கே வந்தவங்க யாரும் திரும்பினதில்லை."

"நான் சொல்லிட்டு வந்திருக்கேன், விடு."

"சுட்டுடுவேன்."

"சுடு."

கொதிக்கக் கொதிக்க நெருப்பை முட்டிக்கொண்டு தண்ணீர் மேலே பாய்ந்தது. பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்து, ஆவி பறக்க விழுந்தது. துணிகளின் சாயமெல்லாம் கரைந்து பாறையில் இறங்கிவிட்டது.

"வந்துட்டேன்" என்றது தண்ணீர், மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு சுற்றிலும் பார்த்தது. "ஐயோ, உன் துணியெல்லாம் போச்சே!"

"அது கிடக்கட்டும். உடம்பு இப்படிக் கொதிக்குதே உனக்கு!"

பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைச் செம்பாயி குனிந்து, பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுவதுபோல் ஊதி ஊதி ஆற்றினாள். நெட்டைச்சி வயிறு நிறையக் குடித்தது. மடியில் பால் இறங்கியது. குட்டி தட்டுத் தடுமாறி எழுந்து முட்டிக் குடித்தது.

"உள்ளேதான் இருப்பேன். இந்த வெயில் எனக்கு ஆகாது" என்றது தண்ணீர். செம்பாயி முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "போய்ட்டு வரேன்."

இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னது.

அன்றிலிருந்துதான் அந்தப் பாலைவனத்து வெந்நீர் ஊற்று உள்ளே போவதும் பீய்ச்சிக்கொண்டு மேலே வருவதுமாக இருக்கிறது. அதன் வாயைச் சுற்றிப் பாறை சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கிறது. பார்க்கப் போகிறவர்களும், ஆள் இல்லாத அந்த இடத்தில், கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் திரும்புவதில்லை.